ஊற்றிவிட்ட ரீஸ்லிங்

பழைய ரீஸ்லிங் வைன் ஒன்றைத் திறக்கும்போது மண்ணெண்ணெய் மணந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டால், இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் பதில் பாடம். "அது நல்ல அறிகுறி அன்ரி" என்று ஒரே குரலில் சொல்வீர்கள். வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறீர்கள். வாங்குங்கள், எனக்கென்ன? பரீட்சை எழுதும்போது யாரும் காதுக்குள் கத்துவதில்லை. வெளியே ஒரு மண்டபம் நிறையச் சனம் பசியோடு இருப்பதில்லை. அங்கே தெரிந்த பதில், குசினி வாசலில் நிற்கும்போது நினைவுக்கு வரும் என்று என்னால் நம்ப முடியாது.

நான் கனடாவின் ஸ்காபரோவில் கலியாண மண்டபங்களில் குடிவகைப் பகுதியை நடத்தி ஓய்வு பெற்றவள். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பொம்பிளைப் பிள்ளை போத்தில் திறக்கிற வேலைக்குப் போகிறாள் என்று என் சொந்த மச்சாளே ஊர் முழுக்கப் பறையடித்தாள். பிறகு தன் மகனின் கலியாணத்துக்கு வைன் தெரிவுசெய்ய என்னிடம்தான் வந்து நின்றாள், வெட்கம் கெட்டவள். அது வேறு கதை. கோபக்காரி என்று எனக்குப் பெயர் உண்டு. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லப்போகிற நாளில், ஆத்திரப்படாமல் நின்றவர்களுக்குத்தான் புத்தி மட்டாக இருந்தது.

முதலில் வைனைப் பற்றி இரண்டு வார்த்தை. மற்றப் பழமெல்லாம் பிடுங்கி முடிந்த பிறகும் கொடியிலேயே விட்டு, தோல் சுருங்கிச் சீனி கூடினதும் பிடுங்குகிற ரீஸ்லிங் இது. ஒல்லியான சின்னப் போத்திலில் வரும். புதிதில் வெளிர் மஞ்சள், பீச் பழமும் தேசிக்காயும் மணக்கும், இனிப்பு முன்னால் நிற்கும். வருடங்கள் போகப்போக நிறம் பொன்னாகி, பிறகு கடும் தேத்தண்ணிச் சாயத்துக்கு வந்துவிடும். பழ மணம் ஒதுங்கித் தேனும், காய்ந்த அப்ரிகொட்டும், தோடம்பழத் தோலும், அவற்றுக்கு மேலே மண்ணெண்ணெய் மணமும் வரும். உள்ளே இருக்கிற சீனி அதேயளவுதான். ஆனால் வாயில் வைத்தால் முன்னைய இனிப்புத் தெரியாது. புளிப்பு மட்டும் தளராமல் நின்று எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும். அடியில் பளிங்குத் துண்டு மாதிரி உப்பு உறைந்து கிடக்கும், அது யாருக்கும் தீங்கு செய்யாது.

இதைச் சொன்னவுடன் மறுபக்கம் ஓடாதீர்கள். மார்க்கம் நகரில் ஒரு பெரிய வீட்டில் விருந்து. வீட்டுக்காரர் பழைய ரீஸ்லிங் ஒன்றைத் திறந்தார். அது வினாகிரியாகி மூக்கை அரித்தது. என்னோடு வந்திருந்த படித்த பெடியன், சொன்னால் நம்ப மாட்டீர்கள், கண்ணை மூடிக்கொண்டு "வாவ், சோ கொம்ப்ளெக்ஸ்" என்றான். மண்ணெண்ணெய் மணந்தால் நல்லது என்று படித்தவன், கெட்டது எது என்று படிக்கவில்லை. கிளாசை அவன் கையிலிருந்து பறித்து மேசையில் வைத்தேன். மணம் உங்களுக்கு ஒரு தகவல்தான் சொல்லும். தீர்ப்புச் சொல்ல நாக்கு வேண்டும்.

இனி அந்தக் கலியாணம்.

பெண்ணின் தாய் பெயர் ஜெசிந்தா. வெக்ஸ்போர்ட்டில் வீடு, பல் வைத்தியசாலை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. புருஷன் அன்ரன் மாரடைப்பில் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. அகதியாக வந்த புதிதில் அன்ரனை இன்னும் சிலரோடு வான் வண்டியில் ஏற்றி நயாகராவுக்குக் கொண்டுபோய்த் திராட்சை பிடுங்க விடுவார்களாம். மகள் பிறந்த வருடம், பனி கொட்டத் தொடங்கின பிறகும் நின்று, விரல் விறைக்க விறைக்கப் பிடுங்கினது இந்தக் கடைசி அறுவடை. அந்தப் பழத்தில் வந்த வைனைப் பிறகு ஆறு போத்தில் வாங்கி, "பிள்ளையின்ர கலியாணத்துக்கு" என்று வைத்துவிட்டார். டோர்செட் பார்க் அப்பார்ட்மென்றில் கட்டிலுக்குக் கீழே கிடந்து, பிறகு வெக்ஸ்போர்ட் வீட்டு பேஸ்மென்றுக்குப் போனது. அவர் போனார். போத்தில்கள் இருந்தன.

எங்கள் ஆட்களின் கலியாணத்தில் கேக் வெட்டினதும் சின்னக் கிளாசில் வைன் ஊற்றி வாழ்த்துச் சொல்வது வழக்கம், உங்களுக்குத் தெரியும். தகப்பன்தான் அந்தக் கிளாசைத் தூக்கவேண்டும். ஜெசிந்தா என்னிடம் வந்து, "அவர் இல்லை அக்கா, அவற்ற வைனாவது அந்த மேசையில நிக்கட்டும்" என்றார். நான் ஒரு போத்திலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நிறம் சரி, தக்கை இறங்கவில்லை, கசியவில்லை. மண்ணெண்ணெய் மணம் வரும், பயப்படவேண்டாம் என்று சொன்னேன். ஜெசிந்தா சிரித்துவிட்டார். "நாங்கள் குப்பி விளக்கில படிச்ச ஆக்களக்கா, எங்களுக்கே உதைச் சொல்லுறியள்?"

கலியாணத்துக்கு முதல் நாளே போத்தில்களை வாங்கிக் குளிர் அறையில் நிறுத்திவைத்தேன். இதை நான் வந்துதான் திறப்பேன், ஒருவரும் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். மண்டபத்தின் மேலாளர் சுரேன் இங்கே பிறந்த பிள்ளை, கெட்டிக்காரன், எதையும் வேகமாக முடிக்கவேண்டும் அவனுக்கு. அவன் தலையாட்டினான். பாரில் நின்ற யோகனும் தலையாட்டினார். யோகன் வடமராட்சி, என் வயது ஆள், என்னோடு பல வருடம் நின்றவர். ஒரு துளி குடிக்க மாட்டார். கையில் எடுத்த கிளாஸ் உடைந்ததாக ஒரு நாளும் இல்லை.

கலியாணத்தன்று பின்னேரம் பக்கத்து மண்டபத்தில் வேறொரு விழாவுக்குச் சாமான் வந்திறங்கியது, நான் அதைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த நேரம் பாதர் வேறொரு இடத்துக்குப் போகவேண்டும் என்று கேக் வெட்டை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட ஒரு போன் அடித்தால் போதும். சுரேன் அடிக்கவில்லை. "யோகன் அங்கிள், ஜஸ்ற் ஓப்பின் தெம்" என்றிருக்கிறான்.

நான் திரும்பிக் குசினிக்குள் கால் வைக்கும்போதே மணம் வந்தது. தேன், காய்ந்த பழம், இஞ்சிப் பாகு, மண்ணெண்ணெய், எல்லாம் சேர்ந்து, அவ்வளவு வடிவான மணம். எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்தேன். சிங்க்கிலிருந்து வந்தது.

ஐந்து போத்தில் வெறுமையாய் நின்றன. சுரேன் அவற்றுக்குள் புனல் வைத்து, மண்டபத்து மலிவு இனிப்பு வைனை நிரப்பிக்கொண்டிருந்தான். யோகன் ஆறாவது போத்திலின் தக்கையில் திருகியை வைத்துக்கொண்டு நின்றார்.

"கையை எடும்!" என்று நான் போட்ட சத்தத்தில் சோறு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை விட்டுவிட்டார்கள்.

யோகன் திரும்பினார். முகத்தில் பெரிய ஆறுதல். அதைப் பார்க்க எனக்கு இன்னும் பற்றியெரிந்தது.

"அக்கா, நல்ல காலம் நான் மணந்து பாத்தன். இது வைன் இல்லை. மண்ணெண்ணெய் கலந்திருக்கு. அடியில பாருங்கோ, கண்ணாடித் தூள். பொம்பிளை மாப்பிளை குடிச்சிருந்தா என்ன கதி?"

"யோகன், நீர் திறக்கேக்குள்ள தக்கை முழுசா இருந்ததோ?"

"ஓம்."

"அதுக்கு மேல உறை?"

"ஓம், இருந்தது."

"அப்ப மண்ணெண்ணெய் எந்த வழியால உள்ள போனது? மாதா கொண்டுவந்து ஊத்தினவவோ? கோதாரி விழுவார், ஒரு போத்திலை ஊத்தினீர், சரி. அடுத்ததிலயும் அதே மணம் வரேக்குள்ள நிப்பாட்டிக் கேக்கத் தெரியேல்லையோ? அஞ்சையும் ஊத்தும் வரைக்கும் அந்தத் தலைக்குள்ள என்ன இருந்தது?"

அவர் திருகியை மேசையில் வைத்தார்.

"எங்கட வீட்டில மண்ணெண்ணெய் எதுக்குள்ள வச்சிருந்தனாங்கள் அக்கா? சாராயப் போத்திலுக்குள்ள. எல்லா வீட்டிலயும் அப்பிடித்தானே. சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடைக்குள்ள ஒரு போத்தில் மண்ணெண்ணெய் எண்டால் பவுண் மாதிரி. என்ர தங்கச்சியின்ர பெடியன் தண்ணியெண்டு எடுத்துக் குடிச்சிட்டான். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இல்லை. போத்திலுக்குள்ளயிருந்து அந்த மணம் வந்தால் எனக்கு யோசிக்க ஏலாது. ஊத்திப்போட்டன்."

வேறு எந்த நாட்டுக்காரனும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான். மற்றவர்களுக்கு அது கெட்டுப்போன வைன், அல்லது நல்ல வைன். எங்கள் ஆளுக்குத்தான் அது குழந்தை குடித்த போத்தில். ஆனால் பிள்ளைகளே, கோபம் போகவில்லை. பாவப்பட்டவரிலும் கோபம் வரும், அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். அந்தப் பயம் அவரை நிறுத்தியிருந்தால் நான் அவரைக் கும்பிட்டிருப்பேன். சந்தேகம் வந்தால் நிறுத்தலாம், அதற்குச் சந்தேகமே போதும். ஊற்றுவதற்குச் சந்தேகம் போதாது. மூடிவைத்ததை நாளைக்கும் திறக்கலாம். சிங்க்குக்குள் போனதை எந்தக் கொம்பனாலும் அள்ள முடியாது.

யோகன் பயத்தில் செய்தார். சுரேன் பயத்தில் செய்யவில்லை. அவன் புனலைக் கழுவிக்கொண்டே, "அன்ரி, ப்ளீஸ், டோன்ற் மேக் எ சீன். ஜெசிந்தா அன்ரி குடிக்கிறேல்லைதானே. லேபல் அதே லேபல். நோபடி வில் நோ" என்றான்.

"நீ ஒருத்தருக்கும் தெரியாதெண்டுறாய். உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அந்த மனுசி செத்த புருஷனை நினைச்சுக் கிளாசைத் தூக்கப்போறா, அதுக்குள்ள நீ கடைத் தண்ணியை ஊத்தி வச்சிருக்கிறாய். உன்ர அப்பாவின்ர திவசத்துக்கு ஆரேன் அவற்ற படமெண்டு வேற ஆற்றையோ படத்தை மாட்டி வச்சால் கும்பிடுவியோ?"

"அன்ரி, அவவின்ர மகளின்ர வெடிங் டே. சொல்லி அழ வைக்கப் போறீங்களா? நாளைக்குச் சொல்லுங்கோ. அதுதான் கைன்ட்."

இந்த இடத்தில் நில்லுங்கள். அவன் சொன்னது முழுப் பேய்க்கதை இல்லை. வாசலில் கேக் மேசை தயார். உள்ளே தாய் மகளின் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு சிரித்துக்கொண்டு நிற்கிறார். இப்போது போய்ச் சொன்னால் அந்தச் சிரிப்பு அன்றைக்குத் திரும்பி வராது. நாளைக்குச் சொன்னால், அவர் வாழ்க்கையில் ஒருமுறை தூக்கிய கிளாஸ் பொய்யென்று நாளைக்குத் தெரியவரும். சொல்லாமலே விட்டால் அவர் சந்தோஷமாகச் சாவார், நான் அதைச் சுமந்துகொண்டு திரிவேன். யோசிக்க எனக்குக் கிடைத்தது குசினியிலிருந்து உடுப்புக் கொழுவுகிற அறை வரையான நடை மட்டும்தான். நான் சொல்வது என்று முடிவெடுத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை, தொழிலில் இருக்கிற பாதிப்பேர் நான் செய்தது பிழை என்கிறார்கள். இரக்கமில்லாதவள் என்கிறார்கள். என்னவென்றாலும் சொல்லட்டும். ஒருவருடைய போத்திலில் இன்னொரு வைனை ஊற்றிக் கொடுக்கிறவன் இரக்கத்தைப் பற்றி எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம்.

மாரிக்காலம். அந்த அறை முழுக்கக் கோட்டுகள் தொங்கின. ஜெசிந்தாவை அதற்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். சுற்றி வளைக்கவில்லை. "ஜெசிந்தா, எங்கட ஆள் மண்ணெண்ணெய் எண்டு நினைச்சு வைனை ஊத்திப்போட்டார். ஒரு போத்தில்தான் மிச்சம். மற்றதுக்குள்ள வேற வைனை நிரப்பி வச்சிருக்கிறாங்கள், அதை நான் மேசைக்கு வர விடமாட்டன்" என்றேன்.

அவர் அழவில்லை. அழுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

"அஞ்சோ?"

"அஞ்சு."

"அவர் பிடுங்கினது. கை வெடிச்சு ரத்தம் வரும் அக்கா, நான்தான் எண்ணெய் பூசி விட்டனான். இருபத்தாறு வருசம் வச்சிருந்தது. வீடு மாறேக்குள்ள நான் மடியில வச்சுக்கொண்டு வந்தனான். உங்கட ஆளுக்கு ஊத்த எவ்வளவு நேரம் எடுத்தது?"

ஜெசிந்தா பக்கத்தில் தொங்கின கோட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களை நம்பித்தானே தந்தனான்."

"ஓம் ஜெசிந்தா."

"ஏன் ஊத்தினவர்? குடிச்சுப் பாத்தவரோ?"

"இல்லை. மணந்து பாத்தவர்." யோகனின் தங்கச்சி மகனைப் பற்றியும் சொன்னேன். அது அவருக்குத் தெரியவேண்டியது என்று பட்டது. கேட்டு முடித்ததும் ஜெசிந்தா தலையைக் குனிந்து சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் குறைந்திருக்கவில்லை.

"அந்தப் போத்திலைக் கொண்டுவாங்கோ. ஊத்தினவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறையில், ஜெசிந்தாவும் யோகனும் பார்த்துக்கொண்டு நிற்க, நான் திறந்தேன். பழைய தக்கை, பாதியில் பொடியும். இரண்டு தகடு உள்ள திருகியால் பக்கவாட்டில் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். முழுசாக வந்தது. அடியில் கிடந்த உப்புக் கலங்காமல் மெதுவாகச் சரித்து, தட்டில் நின்ற சின்னக் கிளாஸ்களில் ஊற்றினேன். பொம்பிளை மாப்பிள்ளைக்கு, சம்பந்திமாருக்கு, பாதருக்கு, ஆளுக்கொரு வாய், அன்ரனின் இடத்துக்கும் ஒன்று. நிறம் தேன்பாகு மாதிரி இருந்தது. எனக்கு ஊற்றவில்லை. குடித்துப் பார்க்காமல் வைனைப் பரிமாறக்கூடாது என்று உங்களுக்குக் கத்துகிறவள், அன்று திருகியில் ஒட்டின ஈரத்தை நக்கிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னேன். "நல்ல வைன் ஜெசிந்தா" என்றேன். சொல்லும்போது எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது, அதுவும் கோபத்தில் வந்த அழுகைதான்.

ஜெசிந்தா தட்டிலிருந்து ஒரு கிளாசை எடுத்து யோகனிடம் நீட்டினார்.

"இது அவருக்கெண்டு வச்ச கிளாஸ். முதல் நீர் குடியும்."

"ஐயோ அக்கா, எனக்கு வேண்டாம். நான் குடிக்கிறேல்லை."

"நானும்தான் குடிக்கிறேல்லை. நீர் ஊத்தினது என்னெண்டு உமக்குத் தெரியவேணும். குடியும்."

இந்தக் கதையைக் கேட்டவர்கள் அதை மன்னிப்பு என்கிறார்கள். எவ்வளவு பெரிய மனம் பாருங்கள் என்று நெஞ்சில் கை வைக்கிறார்கள். நான் பக்கத்தில் நின்றவள். அந்த மனுசியின் கழுத்து நரம்பு புடைத்திருந்ததைக் கண்டவள். அதில் மன்னிப்பு ஒரு சொட்டும் இல்லை. தங்கள் பொருளை அழித்தவரிடம் பணம் கேட்பார்கள், வேலையை விட்டு நிறுத்தச் சொல்வார்கள். ஜெசிந்தா கேட்டது அதைவிடப் பெரிது.

யோகன் கிளாசை மூக்கருகே கொண்டுபோனார். முகம் வெளிறிவிட்டது. கையை இறக்கினார். ஜெசிந்தா அசையவில்லை. வெளியே ஒலிவாங்கியில் பொம்பிளையின் தாயைக் கூப்பிட்டார்கள், அதற்கும் அசையவில்லை. கடைசியில் யோகன் கண்ணை மூடி, மருந்து குடிக்கிற பிள்ளையைப் போல ஒரேயடியாக வாய்க்குள் ஊற்றினார்.

பிறகு கண்ணைத் திறந்தார். வாய்க்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. அவருடைய முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. கண்ணால் நீர் வழிய வழிய, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த ஒரு வாயை விழுங்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் குசினிச் சிங்க்கைத் தேடி வாசல் பக்கம் திரும்பினார்.

ஜெசிந்தா குறுக்கே போய் நின்றார்.

"விழுங்கும். அதையும் துப்பினீர் எண்டால், ஆறாவதும் போச்சு."

விழுங்கினார்.